கவர்மேல் எந்தப் பெயர்

ஈஜிபுரா
8.6.2025

அருமை மருமகன் டுர்ருவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நான், உன் அத்தை, ஆட்டோ எல்லோரும் சுகம். மூன்றில் சத்தம் கம்மி ஆட்டோதான். உன் ஹாஸ்டலில் போன் கூடாதாமே! ஏழாவதோடு நின்ற என்னையும் பேனா பிடிக்க வைத்துவிட்டாயேடா.

சின்னதில் நீ "த... த... தண்ணி"ன்னு திக்குவே. "வண்டி ஸ்டார்ட் ஆகல, டுர்ர்ர்"ன்னேன். வீடே சிரித்தது. என்ன ராசியான பேர்! கவர்மேல் அதையே கொட்டை எழுத்தில் போட்டிருக்கேன். தபால்காரனும் சிரிக்கட்டும்.

நவம்பரில் சர்ச்சில் உனக்கு உறுதிபூசுதல், பிஷப் நெற்றியில் எண்ணெய் பூசுவார். ஞானத்தகப்பன் நான்தானே, உன் தோளில் கை வைத்து நிற்க வேண்டாமா? கோட்டு தைக்கக் கொடுத்தாச்சு.

உன் கில்பர்ட் மாமா

காக்ஸ் டவுன்
19.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். இங்கே ராத்திரி சாப்பாட்டின்போது வார்டன் ஃபாதர் கவர்மேல் உள்ள பெயரைச் சத்தமாகப் படிப்பார். பெயர்க்காரன் எழுந்துபோய் வாங்க வேண்டும். "டுர்ரு யாருப்பா?" என்றார். நான் எழவில்லை. அனுப்பியவர் முகவரியை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பழைய பள்ளி வாசலில் ஆட்டோவை நிறுத்தி அப்படித்தான் கூப்பிட்டீர்கள். அதற்கப்புறம் அட்டெண்டன்ஸுக்கு வாயைத் திறந்தாலே வகுப்பு முழுக்க "டுர்ர்ர்". பத்தாவது முடியும்வரை. பி.யு.சி.க்கு இங்கே வந்ததே அதற்காகத்தான். இப்போதும் தண்ணி என்று கேட்க மாட்டேன், டம்ளரை நீட்டுவேன்.

கவர்மேல் ரெமிஜியஸ் என்று எழுதுங்கள். வேறெதுவும் வேண்டாம்.

ரெமிஜியஸ்

ஈஜிபுரா
2.7.2025

மாப்ளே டுர்ரு,

உன் லெட்டரை ஆட்டோ ஸ்டாண்டில் படித்துக் காட்டினேன். குணசேகர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இதுக்குப் போய் பேஜாரா? மாமன் கிண்டலைத் தாங்காதவன் நாளைக்குப் பொண்டாட்டி வாயை எப்படிடா தாங்குவே? என் அப்பன் என்னைச் சப்பை மூக்கன்னுதான் கூப்பிட்டான். நான் செத்தா போனேன்?

ரெமிஜியஸ்ஸுன்னு சொல்றதுக்குள்ளே எனக்கே திக்குது. இந்தத் தடவை கவரில் ஆட்டோப் படமும் போட்டிருக்கேன், மீட்டரோடு.

கில்பர்ட் மாமா

காக்ஸ் டவுன்
28.7.2025

மாமாவுக்கு,

படத்தைச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

ஞாயிறு பூசையில் முதல் பைபிள் வாசகம் படிப்பது என் முறை. மொட்டை மாடியில் நின்று தினமும் பழகியிருந்தேன். மைக் முன்னால் போனதும் பின்வரிசையில் "டுர்ர்ர்". புத்தகத்தை மூடிவிட்டு இறங்கினேன். அன்றிலிருந்து பேசுவதில்லை. வேண்டியதைச் சீட்டில் எழுதிக் காட்டுகிறேன்.

உறுதிபூசுதலுக்கு வராதீர்கள். உங்களுக்குப் பதில் இங்கே பாடம் நடத்தும் கிறிஸ்டோபர் சார் என் தோளில் கை வைப்பார்.

ரெமிஜியஸ்

ஈஜிபுரா
9.11.2025

மாப்ளே,

அப்புறம் நான் போட்ட லெட்டரெல்லாம் திரும்பி வந்துடுச்சு. கவர்மேல் "இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை". உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? பலே ஜோக்குடா! ஸ்டாண்டில் காட்டினேன். ஏனோ ஒருத்தனும் சிரிக்கல.

போன வாரம் உன் அம்மாவைக் கேட்டு, எழுத்துக் கூட்டி ரெமிஜியஸ்ஸுன்னே எழுதினேன். அதுவும் திரும்பி வந்துடுச்சு. அதிலும் அதே வரி.

கோட்டு ஆணியில் தொங்குது. இதை உன் அம்மா கையில் கொடுத்து விடுறேன். கவர்மேல் ஒண்ணும் எழுதல. எந்தப் பேரைப் போட்டா எழுந்து வருவே, சொல்லுடா.

கில்பர்ட் மாமா