பூப்போட்ட உறை

சனத்நகர், 12.8.1986

கோபக்காரிக்கு,

உன் அப்பா வீட்டில் எல்லோரும் சௌக்கியமா? எங்கள் கம்பெனி கம்ப்யூட்டரை வாங்கிய ஒரே பள்ளிக்கூடத்துக்கு நேற்று போனேன். இன்னும் நாலு விற்றுவிடலாம் என்று நினைப்பு. ஏசி அறையைத் திறந்து, செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே பூப்போட்ட உறைக்குள் கம்ப்யூட்டர். எட்டு மாதமாக ஒரு பிள்ளையும் தொடவில்லையாம்!

"நக்கோ சாப், வேணாம், தொட்டா கெட்டுடும். தினம் துடைக்கிறோமே," என்றார் ஹெட்மாஸ்டர், பெருமையாக.

"துடைக்கவா செய்து கொடுத்தோம்?" என்று கத்திவிட்டு உறையை உருவினேன். ஒன்பதாம் வகுப்புப் பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஒருத்தி அடித்த பெயர் திரையில் வந்ததும் வகுப்பே கூச்சல் போட்டது. ஹெட்மாஸ்டரே சிரித்துவிட்டார். ஆர்டர் வரும், பாரேன்.

வீட்டுக்கு வந்தால் மூலையில் உன் டைப்ரைட்டர். கல்யாணமானதிலிருந்து நானும் அதைத் தினம் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன். வேலைக்கெல்லாம் போக வேண்டாம் என்று சொல்லி அதற்கு உறை போட்டவனும் நான்தான்.

எடுத்துவிட்டேன். புது ரிப்பன் மாட்டியிருக்கிறேன். ஒரு எழுத்துகூட நான் அடித்துப் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
உன் மக்கு