யார் ஓட்டிய கார்?

அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் பிற்காலத்தில் மதிப்புப் பெறுமா, ஜப்பான் காரா? நீ இருந்தபோதும் இதற்கு எனக்குப் பதில் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் உன் காரில் முதுகுக்கு வைத்துக்கொள்வாயே, அந்தத் தலையணை இப்போது என் மேசைமேல் இருக்கிறது. நீ கழுத்தில் பூசும் தனகா மரப்பட்டைச் சாந்தின் வாசம் இன்னும் போகவில்லை. அதை ஏன் எடுத்துவந்தேன் என்பதற்கு மட்டும் பதில் தெரியும். சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

உன் மாமாவின் ஊரான மாவ்பிக்கு நாம் போன சனிக்கிழமைகளை நினைத்துக்கொள்கிறேன். நம் பர்மிய ஊரில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றன. உன் ஜப்பான் காருக்கு ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. முன்னால் லைங் தாயா பக்கத்துத் தொழிற்சாலை பஸ் ஒன்று போனால் எதிரே வருவது உனக்குத் தெரியாது. இடப்பக்கம் இருக்கும் நான்தான் எட்டிப் பார்க்க வேண்டும். நீ "போலாமா?" என்பாய். நான் எப்போதும் "பொறு" என்பேன்.

"உன்னை நம்பினா அடுத்த கிறிஸ்மஸுக்குத்தான்டி மாவ்பி போய்ச் சேருவோம்."

நீ குள்ளம், கார் உன்னைவிடக் குள்ளம். ஆளே இல்லாமல் ஒரு கார் வருகிறது என்று லான்மடாவில் உன் தெருக் கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். கப்பல் கம்பெனி எழுத்தர் வேலையில் பல வருஷம் சேர்த்து வாங்கிய கார். நீ யாருடைய கேலியையும் பொருட்படுத்தவில்லை.

நான் அமெரிக்கக் கார் கட்சி. அதற்கு ஸ்டியரிங் இடப்பக்கம், நம் ரோட்டுக்குப் பொருந்தும், இங்கே அபூர்வம், அதனால் அதுதான் நிலைக்கும் என்று வாதாடுவேன். நீ ஒப்புக்கொள்ள மாட்டாய்.

"அபூர்வமா இருந்தா போதுமா? பதினஞ்சு வயசுல யாராவது அதைப் பார்த்து ஏங்கியிருக்கணும். ஏங்கினவங்கதான் அம்பது வயசுல தேடி வருவாங்க."

நான் சரித்திரம் படித்தவள் அல்லவா, ஆதாரம் எங்கே என்று கேட்டேன். நீ உன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாய்.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. கார் மாவ்பியில் உன் மாமாவின் கொட்டகையில் நிற்கிறது. அவர்தான் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைக்கிறார். இந்த முறை மழைக்கு முன் நெல் மூட்டைகளுக்கு அந்த இடம் வேண்டும் என்கிறார். ஆஸ்பத்திரியில் சாவியைக் கொடுத்தபோது நீ சொன்னது ஒன்றுதான்: "ஓட்டுறவங்களுக்குக் கொடு. துணி போட்டு மூடி வைக்கிறவங்களுக்கு வேண்டாம்."

காரை விற்கிறோம் என்று கேள்விப்பட்டு, பழைய கார்கள் சேர்க்கும் கோ தூரா என்பவர் போன வாரம் போனில் பேசினார். நாற்பத்தைந்து வயதிருக்கலாம், பணிவான குரல், அக்கா என்பதற்குப் பர்மியத்தில் 'அமா' போட்டுப் பேசினார். ஓடுமா என்று கேட்கவில்லை. "யார் ஓட்டின கார், அமா?" என்றுதான் கேட்டார்.

ஒரு சினிமா நடிகர் ஓட்டியது என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. ஒரு தமிழ்க் குமாஸ்தாப் பெண்ணின் கார் என்றால் அவர் வரமாட்டார் என்று தோன்றியது. எந்த நடிகர் என்று அவர் கேட்க, குடும்பத்தார் பெயர் சொல்ல விரும்பவில்லை என்று இன்னொரு பொய். பிறர் பேச்சிலெல்லாம் ஆதாரம் தேடுகிறவள் நான். இன்று காலை மாவ்பிக்குப் போய்க் காரைத் துடைத்தேன். நடிகர் காரில் பூப்போட்ட தலையணை இருக்கக் கூடாதே என்று இதை எடுத்து வந்துவிட்டேன். பஸ்ஸில் மடியில் வைத்திருந்தபோதுதான் உறைத்தது. விலைக்காக அல்ல, வெறும் கௌரவத்துக்காக உன்னை உன் காரிலிருந்தே இறக்கிவிட்டிருக்கிறேன்.

நாளை அவர் வருகிறார்.

இனி எழுதுவது மறுநாள்.

வந்தார். கதவைத் திறந்து உட்கார முயன்றார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. குனிந்து பார்த்தார். உனக்குக் கால் எட்டுவதற்காக பிரேக், கிளட்ச் மிதிகளின்மேல் திருகி வைத்த மரக்கட்டைகள் அப்படியே இருந்தன. தலையணையை எடுத்தவள் அவற்றை மறந்துவிட்டேன்.

"நடிகர் ரொம்பக் குள்ளமோ, அமா?"

உன் முழுப் பெயரைச் சொன்னேன். என் தோழி என்றேன். பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. கட்டைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நடிகர் ஓட்டினதுன்னு சொல்லி வாங்கின அமெரிக்கக் கார் என்கிட்ட ஏற்கெனவே ரெண்டு நிக்குது."

பிறகுதான் ஓடுமா என்று கேட்டார். மாமா திருப்புளி கொண்டுவந்தார். கட்டைகளை நானே கழற்றினேன். கோ தூரா ரோடு வரை ஓட்டிவிட்டுத் திரும்பினார். பள்ளிக்கூடம் படித்த நாளில் இப்படி ஒரு காரின் பின்னால் சைக்கிளில் துரத்திப் போயிருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். தினமும் ஓட்டுவாரா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கார்க் கதவைச் சாத்தினார்.

நீ ஓட்டிய கார் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அகப்பட்ட பிறகுதான் சொன்னேன். அது உனக்குத் தெரிய வேண்டும். கட்டைகளை அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. என் கைப்பையில் இருக்கின்றன. ஒன்றில் உன் செருப்பு தேய்த்த பள்ளம் இருக்கிறது.