நின்ற இடத்தில் பதினோரு கிலோமீட்டர்

ஐப்பசி 12, ஞாயிறு இரவு

சின்னாளப்பட்டியிலிருந்து மச்சான் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் செய்தார். அக்காவுக்கு ரொம்ப முடியவில்லை. "ஒன்னையத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா மாப்ள. செத்த நேரம் வந்துட்டுப் போயேன்."

முதலாளியிடம் கேட்டேன். "ஞாயித்துக்கெழமைக் கூட்டத்தப் பாருய்யா. நீ போயிட்டா புரோட்டாவ யாரு போடுறது? காலையில போ" என்றார். சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. கல்லுக்கு முன்னால் நின்று மாவு வீசிக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணிக்குக் கையில் வாட்ச் அதிர்ந்தது. அக்கா வாங்கிக் கொடுத்த, நடக்கிற அடிகளை எண்ணும் வாட்ச். சர்க்கரையில் அவளுக்கு ஒரு கால் போன பிறகு, "நீயாச்சும் தெனம் நடடா" என்று கட்டிவிட்டாள். இந்த எழவுக்கு நடப்பதும் தெரியாது, நிற்பதும் தெரியாது. நான் மாவு வீசுகிற ஒவ்வொரு வீச்சையும் ஓர் அடி என்று எண்ணிக்கொள்கிறது. இன்றைக்குப் பதினோரு கிலோமீட்டர் நடந்துவிட்டேனாம். வாழ்த்துகளாம். திரையில் பட்டாசு வேறு வெடித்தது.

பத்து மணிக்கு மச்சான் மறுபடியும் கூப்பிட்டார். "பேச்சு நின்னுருச்சு மாப்ள. இனிமே காலையிலயே வா."

கடை அடைக்கப் பன்னிரண்டு ஆகிவிட்டது. படுத்தால் தூக்கம் வரவில்லை. விடிகாலை முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

கடையிலிருந்து அக்கா வீட்டுக்கும் அதே பதினோரு கிலோமீட்டர்தான். அவள் கண் திறந்தால் வாட்சைக் காட்டவா? நேத்தே ஒன் வாசல் வரைக்கும் நடந்துட்டேன்க்கா என்று சொல்லவா?