ஆளில்லாத நிலையத்துக்கு ஒரு விளக்கு

பாறசாலை,
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஜிஜின் சேட்டனுக்கு,

நானும் மாமியும் சுகம். இங்கிலாந்தில் உங்களையும் கர்த்தர் சுகமாக வைக்கட்டும். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். சிரிக்காதீர்கள்.

நம் கல்யாணம் முடிந்த வருஷம், மழைக்காலம் முழுக்க ஒரே போர்வைக்குள் இருந்து பார்த்தோமே, 'ஏழாம் சுற்று' என்ற ஜப்பான் அனிமே தொடர், அதன் இயக்குநர் இப்போது 'உப்பளத்து விளக்கு' என்று ஒரு குறும்படம் எடுத்திருக்கிறார். தொடரில் வந்த அதே விண்வெளி நிலையம்தான். ஆனால் கதை மேலே போகவே இல்லை. கீழே உப்பளத்தில் வேலை செய்யும் ஒருத்தி, சாயங்காலம் நிலையம் வானத்தைக் கடக்கும்போது விளக்கைத் தூக்கிக் காட்டுகிறாள். அவள் புருஷன் ஒருகாலத்தில் அங்கே வேலைக்குப் போனவன். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

உங்கள்
ரெஜிலா


லெஸ்டர்,
24 ஆகஸ்ட் 2025

என் ரெஜி மக்கா,

டூட்டி முடிந்து வந்து பார்த்தேன். அறையில் கூட இருக்கும் ஷைஜுவும் பார்த்தான். "எலே, இவ்வளவுதானா? இனி உண்டா?" என்று கேட்டான். எனக்கும் அதே கேள்விதான்.

தொடரில் என்ன கலகலப்பு! நிலையத்துச் சமையலறையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். உடைந்த சோலார் பலகையை மாட்டும்போதுகூடப் பாட்டு. கடைசி அத்தியாயத்தில் ஒவ்வொருவராக வீடு திரும்புவார்கள். நீ தேம்பி அழுதாய். இதில் யாரும் திரும்பவில்லை. நிலையத்தில் ஆளே இல்லை, அது தானாகச் சுற்றுகிறது என்று ரேடியோ சொன்ன பிறகும் அவள் விளக்குக் காட்டுகிறாள். இயக்குநருக்கு வயசாகிவிட்டது. மேகங்களை மட்டும் பழைய மாதிரியே வரைந்திருக்கிறார்.

ஒரு விஷயம். இங்கே முதியோர் இல்லத்தில் இன்னும் மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் தருகிறார்கள். மனைவியைக் கூட்டிவர இப்போது சட்டம் விடாது என்று உனக்கே தெரியும். நீ சொல். வா என்றால் வந்துவிடுகிறேன்.

உன்
ஜிஜின்


பாறசாலை,
14 செப்டம்பர் 2025

அன்புள்ள சேட்டனுக்கு,

தொடரில் எல்லாரும் வீடு திரும்பினார்கள், சரி. கதவைத் திறந்துவிட்டவர்களை இயக்குநர் எவ்வளவு நேரம் காட்டினார்? தாழ்ப்பாளில் ஒரு பெண்ணின் கை, அவ்வளவுதான். அன்று நானும் அதைக் கவனிக்கவில்லை. குறும்படத்தில் அந்தக் கைக்கு ஒரு ஆள் இருக்கிறாள். உப்பு வாருகிறாள், உள்ளங்கை வெடிப்பில் எண்ணெய் தடவுகிறாள், ஒருத்திக்கு மட்டும் சோறு வடிக்கிறாள். இயக்குநருக்கு வயசானதால்தான் இது தெரிந்திருக்கிறது.

மாமியும் என்னோடு இருந்து பார்த்தார். "இவ எதுக்குட்டீ வெளக்கு காட்டுதா? மேல ஆளில்லியே?" என்றார்.

"ஆளில்லேண்ணு அவளுக்கும் தெரியும், மாமி."

 பிறகு மாமி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மக்கா, அவனுக்கு எழுது. வாறதா இருந்தா வரட்டு. இல்லேங்கி ஒரு பெண்ணை இப்படி நிறுத்தப்பிடாது. பெத்தவளாக்கும் சொல்லுதேன்."

'வா' என்று நான் எழுத மாட்டேன். நான் கூப்பிட்டு வந்தால், இங்கே வேலை கிடைக்காத நாளெல்லாம் என் முகத்தைப் பார்ப்பீர்கள். அதை என்னால் தாங்க முடியாது.

ஒற்றசேகரமங்கலத்தில், அப்பா வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டார்கள். சேர்ந்துவிட்டேன். அடுத்த வாரம் போகிறேன். மாமியே பெட்டி கட்டித் தந்தார். கோபம் இல்லை சேட்டா.

ரெஜிலா


ஒற்றசேகரமங்கலம்,
16 நவம்பர் 2025

சேட்டனுக்கு,

உங்கள் பதில் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. மாமியிடம் மட்டும் பேசுகிறீர்களாம். நல்லது.

இங்கே ரப்பர் மரங்களில் மழை நிற்பதே இல்லை. நேற்று 'ஏழாம் சுற்று' தொடரை மறுபடியும் போட்டேன். சமையல்காரன் மிதக்கும் முட்டையைத் துரத்துகிற இடம் வந்தது. நீங்கள் விழுந்து விழுந்து சிரித்த இடம். அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

சாப்பிடுகிறீர்களா?

ரெஜிலா


பாறசாலை,
20 டிசம்பர் 2025

ரெஜி,

ஆமாம், பாறசாலைதான். நேற்று வந்தேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. நீ வா என்று சொல்லவில்லை, நானாக வந்தேன். போனில் உன் குரலைக் கேட்டால் நீ சொல்லித்தான் வந்தேன் என்றாகிவிடும் என்று பயந்து எடுக்காமல் இருந்தேன். கையில் வேலை இல்லை. நெய்யாற்றின்கரையில் ஒரு ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறேன்.

நான் வந்ததை உன்னிடம் சொல்ல அம்மாவை போன் பண்ணச் சொன்னேன். "நீயாக்கும் விட்டுட்டுப் போனது. நீ போய்க் கேளு," என்றாள். கெஞ்சிய பிறகு இந்தக் கடிதத்தை மட்டும் கொண்டுவரச் சம்மதித்தாள்.

படத்தைப் பலமுறை பார்த்துவிட்டேன். அந்தப் பெண் ஒருமுறைகூட அழவில்லை. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. ஆனாலும் தொடர்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. அதைப் பற்றி நேரில் சண்டை போடலாம்.

அம்மா இதை உன் கையில் தரும்போது நான் உங்கள் ஊர் ஜங்ஷனில், பேக்கரி முன்னால் நிற்பேன். வீட்டுக்கு வரச் சொன்னால் வருவேன். போகச் சொன்னால் அடுத்த பஸ்ஸில் போவேன். நாளைக்கு மறுபடியும் வந்து நிற்பேன்.

ஜிஜின்