நாடா ஓடாத தறி

2021 மே 19

இன்றைக்கும் தெரு முழுக்க ஒரே பதில். "காய்ச்சலா? இங்க யாருக்கும் இல்லம்மா." கதவை ஒரு சாண் திறந்து சொல்லிவிட்டுச் சாத்துகிறார்கள். உள்ளே இருமல் கேட்கிறது. நான் என்ன செவிடா?

வீடு வீடாகக் காய்ச்சல் விசாரிக்கிற தற்காலிக வேலை. கழுத்தில் அட்டை, கையில் விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற மெஷின். பிள்ளையார்பாளையத்துப் பெண், எல்லோருக்கும் தெரிந்தவள் என்றுதான் என்னைப் போட்டார்கள். தெரிந்தவளாக இருப்பதுதான் இப்போது வினை.

மே 21

ரேஷன் கடை வரிசையில் கலியாணசுந்தரம் மாமா பிடித்துக்கொண்டார். "எலெக்சன் கூட்டத்துல வராத கொரோனா, என் வூட்டு வாசப்படிக்கு மட்டும் வருதாம்மா அகிலா?" வரிசையே சிரித்தது. ரெண்டாவது ஊசிக்குப் போன மாசம் ஒரு கணக்கு, இந்த மாசம் ஒரு கணக்கு, எதை நம்புறது என்றாள் ஒருத்தி. ஊசி போட்டால் கை விழுந்துவிடும், தறியில் உட்கார முடியாது என்றாள் இன்னொருத்தி. நானே போட்டிருக்கிறேன் என்று கையைத் தூக்கிக் காட்டினேன்.

 

மே 22

அண்ணி இன்றும் கதவு திறக்கவில்லை.

மே 23

அவள் கோபத்தில் என்ன தப்பு? போன வருஷம் என் கூடப்பிறந்த சிவபாலன் அண்ணன் வீட்டு வாசலை மறைத்துத் தகரம் அடித்தார்கள். அவனுக்கு நோய் இல்லை என்று ரிசல்ட் வந்த பிறகும் கழற்ற ஆள் வரவில்லை. பால்காரர் நின்றுவிட்டார். முதலாளி பட்டு நூல் தரவில்லை. துர்காதேவி அண்ணி தகர இடுக்கு வழியாகச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் வாங்கினாள். தகரம் அடித்த அதே நகராட்சி ஆபீசில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அன்றைக்கு நின்றது பேச்சு.

மே 25



அண்ணன் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டேன். "தறி ஓடுறது காதுல வுழலயா? நல்லாத்தான் இருக்கோம், போ" என்று உள்ளேயிருந்து அண்ணி. சரி என்று நாலு எட்டு வைத்தவள் நின்றுவிட்டேன். பலகை அடிக்கிற சத்தம் மட்டும் வருது. ஊடை நூலைச் சுமக்கிற நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடி முட்டுற சத்தம் இல்லை. நூலே போடாமல் வெறும் பலகையை இடிக்கிறார்கள். தறிக்காரன் பொண்ணுகிட்டயே இந்த வேலையா!

எதை மறைக்க? — அண்ணனுக்குத்தான் ஏதோ.

கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். தறியில் அண்ணி. பின்கட்டில் பாயில் அண்ணன், வாயால் மூச்சு விட்டுக்கினு. மெஷினை மாட்டினேன். எண்பத்தாறு. தொண்ணூத்தஞ்சாவது இருக்கணும்.

அண்ணி என் காலைப் பிடித்துவிட்டாள். "எழுதாத அகிலா. மறுபடியும் தகரம் அடிச்சா நான் உசுரோட இருக்க மாட்டேன்."

"தகரம் வராது அண்ணி. நான் சொல்றேன்."

நான் யாரு சொல்ல? எந்த தைரியத்தில் சொன்னேன்? ஆம்புலன்ஸ் வந்தால் தெரு கூடும் என்று என் வீட்டுக்காரர் தினகரனின் ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மே 26

படுக்கை கிடைத்தது. ஆக்சிஜன் ஏறுகிறது. பெயரையும் விலாசத்தையும் ஆபீசில் கொடுத்துவிட்டேன். கொடுக்காமல் எப்படி?

மே 27

வந்துட்டாங்க. தகரத்தோட.

இந்த வருஷம் ஸ்டிக்கர் மட்டும்தான்னு நேத்து தலையாட்டின அதே சூப்பர்வைசர், இன்னைக்கு மேலிடத்து உத்தரவும்மான்னு சொல்றார். வாசல்ல போய் நின்னேன். அடிக்கறதுன்னா என்னையும் உள்ள வெச்சு அடிங்க, நாளைக்கு இந்தத் தெருவுல காய்ச்சல் பாக்க நீங்களே வாங்கன்னு கத்தினேன். தெருவே வேடிக்கை பாத்துது.  கடைசியில் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுத் தகரத்தைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அண்ணி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். 

ஜூன் 9

அண்ணன் வீடு வந்தான். எலும்பும் தோலுமாக. வந்துட்டான், அது போதும்.

ஜூன் 11

தினகரனுக்கு வாயில் பூட்டே கிடையாது. "என் பொண்டாட்டி தறிச் சத்தத்த வெச்சே கண்டுபுடிச்சிட்டா"ன்னு மளிகைக் கடையில் பெருமை பேசியிருக்கிறார். இப்போது வாட்ஸப்பில் சுற்றுகிறது — தறியை ஒட்டுக்கேட்க கவர்மெண்ட் ஆள் வைத்திருக்கிறதாம். அந்த ஆள் நான்தான். இவரை என்ன செய்வது?

ஜூன் 16

தெருமுனை திரும்பினேன். முதல் வீட்டுத் தறி நின்றது. அடுத்தது. நான் நடக்க நடக்க ஒவ்வொன்றாக நின்றது. அமாவாசைக்குத்தான் இப்படித் தறி ஓயும். அது போன வாரமே போயிற்று. எனக்காகத்தான் நிறுத்துகிறார்கள். அழுகை வந்தது. நடுத்தெருவில் அழக்கூடாது என்று விடுவிடுவென்று நடந்தேன்.

அண்ணன் வீட்டில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, நாடா முட்டுகிற சத்தத்தோடு. கதவு திறந்திருந்தது. அண்ணன் பாதியில் விட்ட புடவையை அண்ணி நெய்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தறியை நிறுத்தி விரலை நீட்டினாள். மெஷினை மாட்டினேன். அவளுக்கு ஒன்றும் இல்லை.

இப்போது தெருவில் ஒரு சத்தமும் கிடையாது.

அப்போதுதான் எதிர் வீட்டுத் தறி ஆரம்பித்தது. பலகை மட்டும். நாடா இல்லை. கலியாணசுந்தரம் மாமா வீடு. எனக்குக் கேட்கும் என்று ஊருக்கே தெரியும். தெரிந்துதான், என்னைக் கூப்பிடத்தான் அடிக்கிறார்கள்.

"கேக்குதா?" என்றாள் அண்ணி.

"கேக்குது."

"அப்புறம் என்ன, போ."