எழுபது கிலோவுக்கு இறங்கிய பிறகு

என் அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகம், உன் மாமா இருக்கிறபடி இருக்கிறான். நீ சுகமா என்று எப்போதும் கேட்பேன், இந்த முறையும் கேட்கிறேன், ஆனால் நீ சொல்லும் பதிலை நம்பலாமா என்றுதான் இப்போது எனக்குத் தெரியவில்லை. இதைப் போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் என்றால் நீ அழுவாய், நீ அழுதால் நான் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன், கடைசியில் கோபப்பட வேண்டியவள் நீயா நானா என்பதே மறந்துபோய்விடும். ஒரு வாரமாக நீ கூப்பிட்டும் நான் எடுக்காததற்கு அதுதான் காரணம், மற்றபடி உடம்புக்கு ஒன்றும் இல்லை. போன செவ்வாய்க்கிழமை நான் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். என் பைலைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். என் தம்பிக்கு என் கிட்னியைக் கொடுக்கவே முடியாது என்று பத்து மாதத்துக்கு முன்பே, நீ லீவில் வந்திருந்தபோதே உன்னிடம் சொல்லியாகிவிட்டதாம்.

அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். ஸ்கேன் முடிந்து நான் உடை மாற்றிக்கொண்டிருந்தேன், நீ மட்டும் டாக்டர் அறைக்குள் போய் வந்தாய். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் பொருந்துதும்மா, எடை ஒண்ணுதான் இடிக்குது, எண்பத்தாறுல இருந்து எழுபத்திரண்டுக்கு வந்துட்டா எடுத்துக்குவாங்களாம்" என்றாய். உன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ரப்பரைத் தொலைத்தால்கூட மறைக்கத் தெரியாமல் வாசலிலேயே விசும்புகிற பெண் நீ. இதை எங்கே போய்க் கற்றுக்கொண்டாய்? நான் என்ன செய்தேன், மறுநாளே ஆரம்பித்தேன். முதல் நாள் தெரு முனை தபாலாபீஸ்வரைகூடப் போக முடியவில்லை, பாதியில் ஒரு கடைப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன், கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டிக் கூட்டி மூன்றாவது மாதம் முக்கால் மணி நேரம் நிற்காமல் நடந்தேன். தேநீருக்கு மூன்று கரண்டி சர்க்கரை போடுகிறவள், மாதத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். தட்டில் பாதி காய், கால்வாசி சோறு, மீதிக்குப் பருப்போ முட்டையோ, இரவு எட்டு மணிக்கு மேல் அடுப்படிப் பக்கமே போவதில்லை. என் வேலை உனக்குத் தெரியும், தொழிற்சாலை கேன்டீனில் முந்நூறு பேருக்குச் சமைக்கிறவளுக்குச் சாப்பாடு என்று தனியாக ஒன்று கிடையாது, ருசி பார்த்தே வயிறு நிறைந்துவிடும். அந்த ருசி பார்ப்பதையும் விட்டேன். முதல் வாரம் உப்பு எங்கெங்கோ போய், ஃபோர்மேன் வந்து, "என்னக்கா, வீட்ல சண்டையா, எங்க மேல காட்டுறீங்க" என்று கேட்டார். அப்புறம் காய் நறுக்கும் பென்சிலிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டேன். ஒல்லியாக இருக்கிறாள் என்றுதான் நாற்பது வயதிலும் அவளுக்கு அந்தப் பெயர். பத்து மாதத்தில் நான் இறங்க இறங்க அவள் நான்கு கிலோ ஏறிவிட்டாள், இப்போது வேறு பெயர் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நான்காவது மாதம் எழுபத்தெட்டில் எடை நின்றுவிட்டது, ஆறு வாரம் அசையவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை, இரண்டு நாள் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடந்தேன், உன்னிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கேன்டீனில் அடுப்புப் பக்கத்திலேயே தலை சுற்றிவிட்டது. தெருவிலுள்ள கிளினிக்கில் என்ன சாப்பிடலாம் என்று ஆலோசனை சொல்கிற பெண்ணிடம் பென்சில்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். "பட்டினி கிடந்தா உடம்புல இருக்கிற தெம்புதாம்மா போகும், மாசத்துக்கு ஒண்ணரை கிலோ, ரெண்டு கிலோ போனாப் போதும், யார் உங்களைத் துரத்துறாங்க" என்று திட்டினாள். யாரும் துரத்தவில்லை, என் தம்பி வாரத்துக்கு மூன்று நாள் நான்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நாற்காலியில் கிடக்கிறான், அதுதான் துரத்துகிறது என்று அவளிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் திட்டவில்லை, முட்டையைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி, மாடிப்படி ஏறச் சொல்லி அனுப்பினாள். கேன்டீன் கீழே, ஸ்டோர் மூன்றாம் மாடியில், சாமான் எடுக்க இனி நான்தான் போவேன் என்று சொல்லிவிட்டேன். எடை மறுபடி இறங்கியது.

இதையெல்லாம் என் பெருமைக்காக எழுதவில்லை. முப்பத்தைந்து வயதில் ஒரு தடவை, நாற்பதில் ஒரு தடவை, நீ வேலைக்குப் போன வருடம் ஒரு தடவை என்று நான் இதை ஆரம்பித்ததெல்லாம் உனக்கே தெரியும். எனக்காக என்றால் மூன்று வாரத்துக்கு மேல் தாங்கியதே இல்லை. இந்தத் தடவை தாங்கியது அவனுக்காக. தினமும் ஷூவை மாட்டும்போது, இது அவனுக்கு என்று வாய்விட்டே சொல்லிக்கொள்வேன், அப்பா படுக்கையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். ஞாயிறு காலை மருந்துக்கடை மெஷினில் ஏறி, அது துப்புகிற சீட்டை எடுத்துக்கொண்டு, முதலில் உனக்குப் போன், அடுத்து அவனுக்கு. நீ "சூப்பர்மா" என்பாய். எழுபத்திரண்டு வந்த அன்று, "எழுபதுன்னா இன்னும் பாதுகாப்பாம்மா" என்றாய், சரி என்று அதற்கும் நடந்தேன். உன் மாமாவோ டயாலிசிஸ் இல்லாத நாட்களில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, தொளதொளவென்று ஆன என் உடைகளையெல்லாம் பிடித்துத் தைத்துக் கொடுத்தான். எந்தத் தையல்காரனும் உள்ளே கொஞ்சம் துணியை விட்டுத்தான் பிடிப்பான், பின்னால் பிரித்துக்கொள்ளலாம் என்று. இவன் மிச்சத் துணியை வெட்டி எறிந்தான். ஏண்டா வெட்டுறே, திரும்ப ஏறிட்டா என்ன பண்றது என்று கேட்டேன். "ஏறாதேக்கா" என்றான், அவ்வளவுதான். ஆபரேஷனுக்காகச் சொல்கிறான் என்று நான் நினைத்தேன். அவனுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின ஞாயிறு மெஷின் அறுபத்தொன்பதே முக்கால் காட்டியது. நீ என்னடாவென்றால் அறுபத்தெட்டு என்றாய். சந்தேகப்பட்டுப் போனேன் என்று நினைக்காதே, அந்த அளவுக்கு எனக்குச் சாமர்த்தியம் இருந்தால் பத்து மாதம் ஏமாந்திருக்க மாட்டேன். நேரில் போய் நின்றால் சீக்கிரம் தேதி கொடுப்பார்கள் என்று நினைத்துத்தான் போனேன். நாற்பத்தொரு சீட்டையும் ரப்பர் போட்டுக் கொண்டுபோய் கிட்னி மாற்றும் பிரிவில் பைல் பார்க்கிற அம்மாவின் மேஜைமேல் வைத்தேன். அவர் பைலைப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படித்தார், உட்காரச் சொன்னார். "உங்களுக்கு ஒரு கிட்னிதாம்மா ஒழுங்கா வேலை செய்யுது, இன்னொண்ணு பிறவியிலயே வளரல, எடைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, உங்க பொண்ணு பக்குவமா நானே சொல்லிக்கிறேன்னாங்களே" என்றார். அப்புறம் சீட்டுகளைப் புரட்டி, "பதினாறு கிலோவா, ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க" என்று பாராட்டினார். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. அதற்குள் டாக்டரும் வந்து பிரஷர் பார்த்து, மருந்தில் பாதியைக் குறைத்து, இப்படியே இருந்தால் அந்த ஒரு கிட்னி கடைசிவரை காப்பாற்றும் என்று சந்தோஷப்பட்டார். எல்லோருக்கும் சந்தோஷம், நான் ஒருத்திதான் அங்கே முட்டாள் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவைப் பார்த்து, உங்களுக்கும் தெரியுமா என்றேன். அவர் மடித்த பேப்பரையே மறுபடி மடிக்க ஆரம்பித்தார். ஒரு சட்டை வாங்கினால்கூட எங்கே வாங்கினார் என்பதை ஐந்து நிமிடம் மறைக்கத் தெரியாத மனிதர், பத்து மாதம் வாயைத் திறக்கவில்லை பார். "நீ உற்சாகமா நடந்தியே" என்றார். மூன்று நாள் அவரோடு பேசவில்லை, நடக்கவும் இல்லை. புதன்கிழமை பேக்கரியில் ஒரு டப்பா கிரீம் பன் வாங்கி வந்து அடுப்படியில் உட்கார்ந்து வரிசையாக நான்கு தின்றேன். உங்கள்மேல் இருந்த ஆத்திரத்தில்தான். ஆனால் பத்து மாதத்துக்குப் பிறகு அந்தத் தித்திப்பு தொண்டையில் இறங்கவே இல்லை. என் நாக்குகூட என்னுடையதாக இல்லை, அதையும் மாற்றிவிட்டீர்கள் என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

வியாழக்கிழமை உன் மாமாவைப் பார்க்க டயாலிசிஸ் சென்டருக்குப் போனேன். அவனை என்னென்ன கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டான், கையில் ஊசி இருக்கிறது, எங்கேயும் எழுந்து ஓட முடியாது. அப்புறம் அவனாகவே சொன்னான். "சொல்லிடணும்னு ஒவ்வொரு வாரமும் நினைப்பேன்க்கா. நீ வேர்த்து விறுவிறுத்து வந்து எடையச் சொல்லும்போது வாய் வராது. கிட்னிக்குக் காத்திருக்கிற லிஸ்ட்ல எனக்கு முன்னால எத்தனையோ பேரு. பயமா இருக்கு. உன்கிட்ட சொன்னா, ஏண்டா பயப்படுறே, நான்தான் தர்றேனேன்னு சொல்லிடுவே. அப்புறம் நான் யார்கிட்ட போய்ச் சொல்ல." ஐம்பத்து மூன்று வயது, தனிக்கட்டை, பயம் என்றால் சின்ன வயதிலிருந்து அவனுக்கு நான் ஒருத்திதான். அன்று நான்கு மணி நேரமும் அவன் பேசினான், நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒத்திகை பார்த்ததெல்லாம் பஸ்ஸோடு போய்விட்டது.

இப்போது உன்னிடம் வருகிறேன். ஏன் செய்தாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. முடியாது என்று அன்றைக்கே தெரிந்திருந்தால் நான் மூலையில் உட்கார்ந்து, துக்கத்துக்கும் சேர்த்துத் தின்று, இருக்கிற ஒரு கிட்னியையும் கெடுத்துக்கொண்டிருப்பேன் என்று பயந்திருப்பாய். அப்படித்தான் நடந்திருக்குமோ என்னவோ. உண்மையைச் சொல்லியிருந்தாலும் நான் நடந்திருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை, அதைத் தெரிந்துகொள்ளக்கூட நீ என்னை விடவில்லை. தம்பிமேல் எனக்கு இருக்கிற பாசத்தைக் கயிறாகப் பிடித்து என்னை ஓட்டினாய், நானும் ஓடினேன். அதையாவது பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறு. பத்து மாதம் என் தம்பி பயந்துகொண்டு இருந்திருக்கிறான், நான் அவன் எதிரிலேயே உட்கார்ந்து என் எடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். நான் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக அவனுக்கு இருந்த ஒரே ஆளையும் அவனிடமிருந்து எடுத்துவிட்டாய். நீ இதை யோசித்துச் செய்யவில்லை என்று தெரியும். யோசிக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். அவன்மேல் கோபப்பட முடியவில்லை, அவன் நோயாளி. அப்பாமேல் கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. நீ நன்றாக இருக்கிறாய், அதனால் முழுக்கோபமும் உனக்குத்தான், கொஞ்ச நாளைக்கு வைத்துக்கொள்.

சனிக்கிழமையிலிருந்து மறுபடி நடக்கிறேன். ஷூவை மாட்டும்போது சொல்ல ஒன்றும் இல்லை, சும்மா மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன், அப்பாவும் கூட வருகிறார், பாதி வழியில் செருப்பு கடிக்கிறது என்று நின்றுவிடுகிறார். கேன்டீனில் ஷிப்டை மாற்றிக் கேட்டிருக்கிறேன், உன் மாமாவுக்கு டயாலிசிஸ் உள்ள மூன்று நாளும் அவன் பக்கத்தில் இருக்கப் போகிறேன். போன முறை வீடியோவில் உன் கன்னம் உப்பியிருந்தது, பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தால் அப்படித்தான். பட்டினி கிடக்காதே, ஜூஸ் மட்டும் குடிக்கிறேன் என்று ஆரம்பிக்காதே, சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக விடு, தினமும் அரை மணி நேரம் நட, மாதம் ஒரு கிலோ போனாலும் போதும். நீயும் ஒரு தடவை ஸ்கேன் பார்த்துக்கொள், இதெல்லாம் பிறவியில் வருகிற சங்கதி என்கிறார்கள், என்ன வந்தாலும் என்னிடம் மறைக்காதே. உனக்கு ஒரு குறையும் வராமல் நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், கோபத்திலும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள். உன் மாமாவின் பைலில் முதல் போன் நம்பராக உன்னுடையது இருந்தது, நேற்று போய் அதை அடித்துவிட்டு என்னுடையதை எழுதச் சொல்லிவிட்டேன். இனி அவனைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் முதலில் எனக்குத்தான் வரும். வந்த நிமிடமே, வந்தது வந்தபடி உனக்குச் சொல்வேன். நீ தாங்குவாயா என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன்மேல் கோபமாக இருக்கும்
உன் அம்மா