சாகாத புழு

அண்ணை,

நேற்றைய மழைக்குப் பிறகு கிரவீன் புறநகரில் என் வீட்டு வாசல் புல்லில் காளான்கள் முளைத்திருந்தன. மத்தியானத்துக்குள் குடைகள் கரைந்து கறுப்பு மையாக வடிந்தன. அந்த ஈர மணம் மூக்கில் ஏறியதும் உங்கள் மேலுள்ள கோபம்தான் முதலில் வந்தது. நீங்கள் இறந்த பிறகும் அது போகவில்லை.

இந்தக் காளானைத்தான் நீங்கள் நடத்திய ஆய்வுகூடத்தில் நாம் வளர்த்தோம். ஓடவும் ஒளியவும் முடியாத ஓர் உயிர், தன்னைத் தின்ன வரும் மண்ணில் வாழும் நுண்புழுக்களை எப்படித் தடுக்கிறது என்பதுதான் உங்கள் கேள்வி. காளான் ஒரு புரதத்தைச் செய்து வைத்திருக்கிறது. தின்ற புழுவின் குடலிலுள்ள ஒருவகைச் சர்க்கரையை அது பற்றிக்கொள்ள, குடல் பழுதாகிப் புழு சாகிறது என்று நம்பினீர்கள். அந்தச் சர்க்கரைதான் காரணம் என்று காட்ட மட்டும் வழி கிடைக்கவில்லை.

உங்கள் அப்பாவின் செத்தவீட்டுக்கு நீங்கள் யாழ்ப்பாணம் போயிருந்தபோது, புரதம் ஊட்டிய தட்டொன்றில் எல்லாப் புழுக்களும் செத்துக் கிடக்க, ஒரு புழு மட்டும் மெல்ல நெளிந்தது. அதை வேறாக்கி வளர்த்தேன். அதன் குஞ்சுகளும் சாகவில்லை. சோதித்துப் பார்த்ததில் அவற்றின் உடலில் அந்தச் சர்க்கரையே இல்லை. உடனே உங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, சர்க்கரை இல்லாத புழு சாகுதில்லை."

"ஒருத்தருக்கும் சொல்லாதையும். நான் வந்து பாக்கிறன்" என்றீர்கள்.

மெல்பேர்ன் மாநாட்டு மேடையில், "ஒருநாள் நான் தட்டைப் பார்த்தபோது" என்று தொடங்கினீர்கள். நான் முன்வரிசையில் இருந்தேன். கடைசியில் நன்றி சொன்ன பெயர்களுக்குள் என்னுடையதும் வந்து போனது. வெளியே வந்ததும், "கோவமோ? உமக்கு இன்னும் காலம் இருக்கு" என்றீர்கள். அடுத்த வருடம் என் ஒப்பந்தம் முடிந்தது. வேறு ஆய்வுகூடம் எதுவும் என்னை எடுக்கவில்லை. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் இரத்தம் பரிசோதிக்கும் வேலைக்குப் போனேன்.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு முன் உங்கள் மனைவி என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார்.

"அவரோட வேலை செய்த பிள்ளை நீர்தானே. அந்தப் புழுக் கதையை எழும்பிச் சொல்லும்."

"அக்கா, அந்தப் புழுவைக் கண்டது நான்."

"ஓம், தெரியும். அண்டைக்கே எனக்குச் சொன்னவர்."

ஆறுதலாகத்தான் சொன்னார். வீட்டில் மனைவியிடம் சொல்ல முடிந்த உண்மையை மேடையில் சொல்ல உங்களுக்கு என்ன தடை இருந்தது?

எழும்பி, கண்டது யார் என்பதையும் சேர்த்தே சொன்னேன். ஒரு அங்கிள் தொண்டையைச் செருமினார். அக்கா தலையாட்டினார். பிறகு சோறு பரிமாறினார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீங்கள் எனக்குச் சொன்னது ஒன்று உண்டு. "செத்துப்போச்சு எண்டு எழுத முதல் இன்னொருக்காப் பாரும்." அன்று அந்தப் புழு நெளிவதைக் கண்டதும் அதனால்தான். நுணுக்குக்காட்டியில் கண்வைத்துக் குனியும்போதெல்லாம் இன்றும் அப்படித்தான் இரண்டாம் முறை பார்க்கிறேன். அதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை. அந்தப் பழக்கத்தை விடவும் முடியவில்லை.